பக்கெட் கம்பெனியில் பெருமை விழா

ஜூன் 2
முதலாளி வெளிநாட்டுக் கருத்தரங்கிலிருந்து திரும்பிவிட்டார். இந்த முறை பிடித்துக்கொண்டு வந்திருப்பது பிரைடு விழா. ஊழியர்களும் தெருக்காரர்களும் சேர்ந்து கொண்டாட வேண்டுமாம்.

"பெருமைன்னா எது சார், நம்ம பக்கெட்டா?" என்றார் உற்பத்தி மேலாளர்.

ஆணை விரும்பும் ஆண்கள், பெண்ணை விரும்பும் பெண்கள், திருநர்கள் தலைநிமிர்ந்து நடக்கிற விழா என்று முதலாளி தாளைப் பார்த்துப் படித்தார். பொறுப்பு என் தலையில் விழுந்தது. "நீங்கதான் கல்யாணம் ஆகாதவர். நேரம் இருக்கும்."

வீட்டில் சொன்னேன். நெட்டை சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டான். இத்தனை வருடமாக ஒரே வீடு, ஒரே கட்டில். வெளியில் மட்டும் அவன் என் சித்தி மகன்.

"சித்தி மகனையும் விழாவுக்குக் கூப்பிடுவியா?" என்றான். அப்போது சிரிப்பு நின்றிருந்தது.

ஜூன் 6
விழாவின் சின்னம் வானவில்லாம். அதற்கு ஆறு நிறமா, ஏழா? கூட்டம் மதியம் வரை இழுத்தது. ஒரே பக்கெட்டில் எல்லா நிறமும் வராதாம். நிறத்துக்கு ஒன்றாகச் செய்து, வருகிறவர்களுக்கு இலவசமாகக் கொடுப்பதென்று முடிவு. ஊதா மட்டும் கத்திரிக்காய் நிறத்தில் வந்து நிற்கிறது.

ஜூன் 9
தெருச் சங்கத் தலைவியை அழைக்கப் போனேன். சலவைக்கடை அம்மாதான் தலைவி. விழா யாருக்கு என்றார். "அவங்களுக்கு" என்றேன்.

"அவங்கன்னா எவங்க? நம்ம தெருவுல யாராவது இருக்காங்களா?"

"தெரியலம்மா."

சே! என்ன மனுஷன்டா நீ?

ஜூன் 10
நடந்ததை நெட்டையிடம் சொன்னேன். பாயைச் சுருட்டிக்கொண்டு கூடத்தில் போய்ப் படுத்துக்கொண்டான்.

ஜூன் 14
விழா. இலவசம் என்றதும் தெருவே திரண்டுவிட்டது. கத்திரிக்காய் நிறத்துக்கு அடிதடி. சிறப்புப் பேச்சாளர் வரவேயில்லை. முதலாளி கையைப் பிசைந்துகொண்டு, "யாராவது பெருமையா எதாவது சொல்லுங்களேன்" என்று மைக்கை நீட்டினார்.

காவலாளி ஏறினார். "எனக்கு சர்க்கரை குறைஞ்சிருக்கு." பலத்த கைதட்டல். அடுத்து ஒரு அம்மா: "மருமககிட்ட சண்டை போட்டு ஒரு மாசமாச்சு." மருமகள்தான் எல்லோரையும்விட ஓங்கித் தட்டினாள்.

நெட்டை கடைசியில் நின்றிருந்தான், வெயிலுக்குத் தலையில் மஞ்சள் பக்கெட்டைக் கவிழ்த்துக்கொண்டு. வருவான் என்று நான் நினைக்கவேயில்லை. என் கால்கள் எப்போது மேடையேறின – தெரியாது.

"அதோ, பக்கெட்டைக் கவுத்துக்கிட்டு நிக்கிறாரே, அவர் என் சித்தி மகன் இல்ல. எனக்கு சித்தியே கிடையாது. நாங்க... ஒண்ணா வாழறோம்."

கைதட்டல். சர்க்கரை குறைந்ததற்கு எவ்வளவோ, அவ்வளவேதான்.

பக்கெட்டுக்குக் கீழே அவன் தோள்கள் குலுங்கின. அழுகையா, சிரிப்பா?

ஜூன் 16
உற்பத்தி மேலாளர் என் மேசைப் பக்கம் வராமல் சுற்றிக்கொண்டு போகிறார். போகட்டும். முதலாளிக்கு வேறு குறை: "முன்னாடியே சொல்லியிருந்தா வெளியாள் பேச்சாளரே வேண்டாமே!"

ஜூன் 22
தெருச் சங்கத் தேர்தல். நானும் நெட்டையும் வரிசையில் நின்றோம். தலைவி அம்மா ஒரே ஒரு சீட்டைத்தான் நீட்டினார்.

"குடும்பத்துக்கு ஒரு ஓட்டுதான் தம்பி."

"போன தடவை ரெண்டு பேரும் போட்டோமே?" என்று நெட்டை எகிறினான்.

"அப்போ சித்தி மகன், வேற குடும்பம்னு நினைச்சு விட்டுட்டேன். இப்போதான் தெரியுமே. சட்டுனு போடுங்க, பின்னாடி ஆள் நிக்குது."

யார் போடுவது என்று அங்கேயே எங்களுக்குள் சண்டை. கடைசியில் அவன்தான் போட்டான். யாருக்கு என்று இன்னும் சொல்ல மாட்டேன் என்கிறான்.