பச்சைப் புள்ளித் துண்டு

அன்பு மகள் ஸும்ராத்துக்கு,

மர்கிலானிலிருந்து உன் அம்மா எழுதுவது. இந்தக் கடிதம் கைக்கு வரும்போது நீ காய்ச்சல் தலைவலி எதுவும் இல்லாமல், நேரத்துக்குச் சாப்பிட்டு, கால் நனையாமல் இருக்க வேண்டும் என்று அல்லாவைக் கேட்டுக்கொண்டுதான் பேனாவை எடுத்தேன். இங்கே எல்லாரும் ஒருவிதமாக இருக்கிறோம். உன் தம்பி எல்யோர் காலையில் வண்டியை எடுத்துக்கொண்டு ஃபெர்கானா போனால் பொழுது சாயத்தான் வருகிறான். அவன் மனைவி லோபாருக்கு இது ஆறாம் மாதம், சோற்றைக் கண்டால் முகத்தைத் திருப்புகிறாள், தக்காளி ஊறுகாயை மட்டும் ஜாடியோடு வைத்துக்கொண்டு தின்கிறாள். குளிர் வந்துவிட்டது, கேஸ் சரியாக வருவதில்லை, ஒரே அறையில்தான் அடுப்பு எரிகிறது, நாள் முழுக்க எல்லாரும் அதிலேயே கிடக்கிறோம். அதனால்தான் போனில் உன்னோடு மனம்விட்டுப் பேச முடியவில்லை. நான் தைத்த ஒட்டுத்துணிப் போர்வை எப்போது வரும் என்று நீ மூன்று தடவை கேட்டுவிட்டாய், நானும் மூன்று தடவை எதையோ சொல்லி மழுப்பிவிட்டேன். நடந்ததைப் பிள்ளைத்தாய்ச்சிப் பெண்ணை வைத்துக்கொண்டு சொல்ல முடியாது. தெருக்கோடி வீட்டு தில்ஃபூஸா படிப்புக்காக வியாழக்கிழமை கொரியாவுக்கு, உங்கள் ஊருக்கே புறப்படுகிறாள், பெட்டியில் இடம் தருகிறேன் என்றாள், கடிதத்தை அங்கே இறங்கியதும் தபாலில் போட்டுவிட்டு, பொட்டலத்தைப் பிறகு நேரில் கொண்டுவந்து தருவாளாம், அதனால் எழுதுகிறேன். போர்வை வராது மகளே. கோபப்படாமல் கடைசிவரை படி.

உன் அப்பா போன பிறகு ஒரு வருஷம் துக்கத்துக்கு நீலம் உடுத்தினேன், அது உனக்குத் தெரியும். நீலத்தைக் கழற்றிய பிறகும் என் கண்ணுக்கு நிறம் திரும்பவில்லை என்பதை உன்னிடம் சொல்லவில்லை, நீயேதான் கண்டுபிடித்தாய். ஒட்டுத்துணிகளைச் சேர்த்துத் தைக்க உட்கார்ந்தால் கை தானாகச் சாம்பலுக்கும் பழுப்புக்கும் போயிற்று. கல்யாணப் பெண்ணுக்கு மெத்தை விரிப்பு கேட்டு வந்தவர்கள் விரித்துப் பார்த்துவிட்டு, யோசித்துச் சொல்கிறோம் என்று போனார்கள், திரும்பி வரவில்லை. அப்போதுதான் நீ சொன்னாய், நான் வேலை செய்யும் திரைச்சீலைக் கடையில் நாங்கள் எல்லாரும் இப்படித்தான் செய்கிறோம், தோட்டத்தில் கையில் படுவதையெல்லாம் வெட்டிப் பாட்டிலில் போட்டு ஜன்னலில் வை, சந்தையில் பழைய சாமான் விற்கிற பக்கம் போய் மனசுக்குப் பிடித்ததை வாங்கு, எல்லாவற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சும்மா பார்த்துக்கொண்டிரு, எதையும் தைக்காதே என்று. நான் சிரித்தேன், ஆனாலும் செய்தேன். ஊதாத் துளசி, கோழிக்கொண்டை, மாதுளைக் கிளை, திராட்சைக் கொடி, ஆப்ரிகாட் கொப்பு என்று பதினொரு பாட்டில் வைத்தேன். லோபார் அதைப் பார்த்துவிட்டு, “அத்தை, இன்னும் ரெண்டு பாட்டில் வெச்சா ஆடு ஒண்ணு வாங்கிக் கட்டிடலாம்” என்றாள். ஞாயிற்றுக்கிழமை சந்தைக்கும் போனேன். ஒரு டப்பா நிறையப் பழைய கோட்டுப் பித்தான்கள், மூக்குடைந்த தேநீர்க் கெண்டி ஒன்று, அதன் வயிற்றில் இருந்த அந்தக் கருநீலத்துக்காகவே வாங்கினேன். நீ சொன்னது பொய்யில்லை. செப்டம்பர் கடைசியில் ஒரு நாள் ஆப்ரிகாட் இலை ஒன்று பாட்டிலிலேயே பழுத்து, நடுவில் மஞ்சள், ஓரத்தில் செம்மண், நரம்பில் மட்டும் கொஞ்சம் பச்சை என்று நின்றது, அதைப் பார்த்தபோது வயிற்றில் பசி மாதிரி ஒன்று வந்தது. இரண்டு வருஷத்துக்குப் பிறகு அன்றுதான் வந்தது.

அடுத்த ஞாயிறு அந்த இலையைக் கைக்குட்டையில் சுற்றி எடுத்துக்கொண்டு போனேன். அந்த நிறத்துக்குத் துணி தேடினேன். பழைய உடுப்பு விற்கிற கிழவர் கடையில், சாக்கின் அடியில், ஒரு அத்லஸ் பட்டு உடை கிடந்தது. வெயிலில் கிடந்து கிடந்து சாயம் போய், மஞ்சள் மஞ்சளாக இல்லை, சிவப்பு சிவப்பாக இல்லை, அப்படியே என் இலை. கையில் எடுத்தவுடன் வேறு யாராவது பிடுங்கிவிடுவார்களோ என்று மார்போடு அணைத்துக்கொண்டேன், கிழவர் சிரித்தார். வீட்டுக்கு வந்து சோப்புப் போட்டு இரண்டு தடவை அலசி, கொடியில் வெயில் படப் போட்டேன். மறுநாளே கத்தரியை வைத்தேன். முன்பக்கமும் பின்பக்கமும் சாண் அளவுச் சதுரங்களாக வெட்டி, நடுவில் வைத்து, சுற்றிலும் துளசியின் ஊதாவும் கெண்டியின் நீலமும் கொடுத்து ஒட்டினேன். கை என் கையாக இல்லை, அவ்வளவு வேகம். அதைத்தான் உனக்குப் படம் அனுப்பினேன். நீ இணையத்தில் உன் பக்கத்தில் போட்டு, இத்தனை பேர் பார்த்தார்கள் என்று சொன்னாய், எனக்கு இந்தச் சுவருக்கு வேண்டும் அம்மா என்றாய். அன்று இரவு சோறு இரண்டாம் தடவை வாங்கிச் சாப்பிட்டேன் என்று எல்யோர்கூட ஆச்சரியப்பட்டான்.

மிச்சம் இருந்தது அந்த உடையின் கைகள் இரண்டும். மூன்று நாள் கழித்துத்தான் அவற்றைப் பிரிக்க எடுத்தேன். அக்குளில் வைக்கும் சதுரத் துண்டு இருக்கிறதல்லவா, அது அத்லஸ் இல்லை. பச்சையில் வெள்ளைப் புள்ளி போட்ட பருத்தி. உனக்கு ஞாபகம் இருக்கும், நீ ஒன்பதாவது படித்தபோது தைத்த சட்டை, முழங்கையில் கிழிந்த பிறகு துணியை மடித்துப் பெட்டியில் வைத்திருந்தேன். பார்னோவின் கல்யாணத்துக்கு முன்பு, மகளுக்கு உடை தைக்க நம் பக்கத்து வீட்டு ஹனிஃபா பெரியம்மா என்னிடம் வந்து, மஸ்துரா, அத்லஸ் அகலம் பத்தவில்லை, அக்குளுக்கு ஏதாவது துண்டு இருந்தால் கொடு என்று கேட்டபோது, அதிலிருந்துதான் இரண்டு துண்டு வெட்டிக் கொடுத்தேன். ஹனிஃபா அக்காவின் தையலும் எனக்குத் தெரியும், மூலையில் மூன்று தடவை குறுக்கே ஓட்டுவாள். ஓட்டியிருந்தாள். அந்தப் பூப்போட்ட அத்லஸை ஊரில் பாதிப் பெண்கள் உடுத்துகிறார்கள், சாயமும் போயிருந்தது, நான் எப்படி அடையாளம் காண்பேன். ஆனால் பச்சைத் துண்டு அப்படியே இருந்தது, அக்குளுக்குள் இருந்ததால் வெயில் படவில்லை.

பார்னோ குழந்தையை மட்டும் விட்டுவிட்டுப் பிரசவத்தில் போனபோது நீ கொரியாவில் இருந்தாய், அதற்குப் பிறகு நடந்ததை நான் உனக்குச் சொன்னதில்லை. நாற்பதாம் நாள் கழிந்ததும் ஹனிஃபா அக்கா மாப்பிள்ளை ஊரான குவாவுக்குப் போய்ச் சம்பந்தியிடம் மகள் உடுத்திய உடை ஒன்றே ஒன்று கேட்டாள். எல்லாவற்றையும் ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டோம், அவள் ஆத்மாவுக்கு நல்லது என்று சொல்லிவிட்டார்கள். அவள் நம்பினாள். வீட்டுக்கு வந்து என்னிடம், யாராவது ஒரு ஏழைப் பெண் அதை உடுத்திக்கொண்டு தெருவில் போனால் பின்னாலேயே போய்விடுவேன் போல இருக்கிறது என்றாள். அந்த உடையைத்தான் நான் வெட்டிவைத்திருந்தேன்.

ஸும்ராத், உன்னிடம் மறைக்கப்போவதில்லை. முதலில் அந்தப் பச்சைத் துண்டுகளை அடுப்பில் போட்டுவிடலாம் என்று நினைத்தேன். அடுப்புக் கதவைத் திறந்தும்விட்டேன். யாருக்குத் தெரியும், போர்வை உன்னிடம் வந்துவிடும், கொரியாவில் யார் வந்து பார்க்கப்போகிறார்கள். போடவில்லை, ஆனால் மூன்று நாள் அவற்றைத் தலையணை உறைக்குள் வைத்திருந்தேன். நடுவில் ஒரு தடவை சந்தைக் கிழவரிடம் போய்க் கேட்டேன், வேறு யாருடையதோ என்று சொல்லிவிடமாட்டாரா என்று. அவர், “குவாவிலிருந்து ஒரு அம்மா சாக்கோட கொண்டாந்தாங்க. புது மருமக வர்றா, பெட்டி காலியாகணும்னாங்க” என்றார். அதற்கு மேல் கேட்க ஒன்றுமில்லை. வீட்டுக்கு வந்து போர்வையைப் பிரித்தேன். தைத்ததைவிடப் பிரிக்க அதிக நேரம் ஆயிற்று. சதுரங்களைத் தேய்த்து அடுக்கி, கைகளையும் பச்சைத் துண்டுகளையும் மேலே வைத்து, ஒரு துணியில் கட்டிக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன்.

அவள் சீமைமாதுளை ஜாம் கிண்ட பழத்தைத் தோல் சீவிக்கொண்டிருந்தாள், வா வா என்று தேநீர் ஊற்றப்போனாள். நான் கட்டை அவிழ்த்தேன், சொல்லவேண்டியதைச் சொன்னேன், தலையை நிமிர்த்தவில்லை. அவள் கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு வந்து, விரிப்பின்மேல் சதுரங்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். இது தோள், இது இடுப்பு என்று அவளுக்குத் தெரிந்தது. கைகளை இரண்டு பக்கமும் வைத்தாள். பிறகு அக்குள் துண்டை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டாள். ஆழமாக மூச்சை இழுத்தாள்.

“துவைச்சிட்டியா?” என்றாள்.

“துவைச்சிட்டேன் அக்கா.”

“வெயில்ல போட்டியா?”

“போட்டேன்.”

 துண்டை எடுத்த இடத்தில் திரும்ப வைத்தாள். என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பிறகு, “சாக்குல கிடந்தது, எத்தனை பேர் கை பட்டுச்சோ, நீ துவைக்காட்டியும் ஒண்ணும் இருந்திருக்காது” என்றாள். அது எனக்காகச் சொன்னது, அவள் முகம் அதை நம்பவில்லை. வாசல்வரை வந்து வழியனுப்பினாள். ஆனால் அதன் பிறகு எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை. முப்பது வருஷமாகக் கதவைத் தட்டாமல் உள்ளே வந்தவள். நம் தெரு மாமூரா வீட்டுக் கல்யாணத்தில் எனக்கு இடம் போட்டு வைக்காமல் எதிர்வரிசையில் உட்கார்ந்தாள், என்னைப் பார்த்துத் தலையசைத்தாள், அவ்வளவுதான்.

நேற்று முன்தினம் வந்தாள். கதவைத் தட்டிவிட்டு வந்தாள். லோபாரைப் பார்த்துச் சிரித்து, வயிறு இறங்கவே இல்லை பெண்பிள்ளைதான் என்று கேலி செய்துவிட்டு, என்னைத் தோட்டத்துக்குக் கூப்பிட்டாள். மடியிலிருந்து ஒரு சின்னச் சட்டையை எடுத்தாள். நான் வெட்டிய சதுரங்கள்தான். அந்த அளவுத் துண்டில் பெரியவர்களுக்கு எதுவும் தைக்க முடியாது, அதனால் பார்னோவின் குழந்தைக்குத் தைத்திருக்கிறாள். அக்குளில் பச்சைப் புள்ளி. தையலைக் கண்டுபிடிக்கவே முடியவில்லை, அவ்வளவு பொடியாகப் போட்டிருந்தாள். குவாவுக்குக் கொண்டுபோயிருக்கிறாள். செத்தவள் துணியைக் குழந்தைக்குப் போடமாட்டோம் என்று சம்பந்தி வாசலிலேயே சொல்லிவிட்டாளாம். குழந்தை உள்ளே புது அம்மாவின் மடியில் இருந்ததாம், இவளைப் பார்த்து அழுததாம். “யாருன்னு தெரியலை மஸ்துரா அதுக்கு. தெரியாதுதானே” என்றாள்.

சட்டையை நான் வாங்கி வைத்துக்கொள்கிறேன் என்றேன், வேண்டாம் என்றாள். “பக்கத்து வீட்டுல இருந்தா வந்து வந்து பார்ப்பேன். என்னால முடியாது. ஸும்ராத்துக்கு அனுப்பிடு. அவளும் பார்னோவும் ஒரே பெஞ்சுல உக்காந்து படிச்சதுங்க.” நான் சரி என்றேன்.  ஜன்னலில் பாட்டில்களைப் பார்த்துவிட்டு, தண்ணீர் நாறுகிறது, மாற்று என்று சொல்லிவிட்டுப் போனாள். மாற்றவில்லை, எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். நீ சொல்லிக்கொடுத்ததில் தப்பில்லை மகளே, அப்படி நினைத்து வருத்தப்படாதே. எனக்கு நிறம் தெரிகிறது, இப்போதும் தெரிகிறது. இனி ஒரு துணியைக் கையில் எடுத்தால் முதலில் அக்குளைப் பிரித்துப் பார்ப்பேன், அவ்வளவுதான். சந்தைக்கு வரும் பழைய துணி எங்கிருந்து வருகிறது என்று இத்தனை வருஷம் நான் கேட்டதே இல்லை.

தில்ஃபூஸா கொண்டுவரும் பொட்டலத்தில் உலர்ந்த ஆப்ரிகாட் இருக்கிறது, கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி இருக்கிறது, எல்லாவற்றுக்கும் அடியில் வெள்ளைத் துணியில் சுற்றி அந்தச் சட்டை இருக்கிறது. சுவரில் மாட்டாதே. யாருக்கும் படம் எடுத்துக் காட்டாதே. பெட்டியின் அடியில் வை. அந்தக் குழந்தை வளர்ந்து ஒரு நாள் அம்மாவைப் பற்றி யாரிடமாவது கேட்டால், கேட்குமோ கேட்காதோ, உன்னிடம் இருக்கிறது என்று நமக்குத் தெரிந்தால் போதும். லோபாருக்கு இது எதுவும் தெரியாது, போனில் உளறிவிடாதே. அவளுக்காகத் துஆ செய், எனக்கு இந்த மாதமெல்லாம் பயமாகவே இருக்கிறது, யாரிடமும் சொல்ல முடியவில்லை.

அங்கே பனி விழ ஆரம்பித்திருக்கும், கழுத்தை மூடிக்கொள். வேலையில் நின்றுகொண்டே சாப்பிடாதே. அல்லா உன்னை நல்லவர்கள் நடுவில் வைக்கட்டும், உன் கைக்கு வேலையும் உன் வாசலுக்கு வெளிச்சமும் குறையாமல் கொடுக்கட்டும், உன் அப்பா இருந்தால் நெற்றியில் முத்தமிட்டுச் சொல்லியிருப்பதையும் சேர்த்து நானே சொல்கிறேன்.

மறக்காமல் இரண்டு காரியம் செய். நீ போட்ட அந்தப் போர்வைப் படத்தை இன்றைக்கே எடுத்துவிடு, ஹனிஃபா அக்காவின் தங்கை மகள் அதையெல்லாம் பார்க்கிறவள். பிறகு வெள்ளிக்கிழமை பெரியம்மாவுக்குப் போன் பண்ணு. நீயாக எதையும் எடுக்காதே, உடம்பு எப்படி, ஜாம் ஆயிற்றா என்று கேள். சட்டை வந்ததா என்று அவளே கேட்பாள். வந்தது என்று சொல். தில்ஃபூஸா வர நாளானாலும், பொட்டலம் உன் கைக்கு இன்னும் வராவிட்டாலும், வந்தது என்றே சொல்.

உன் அம்மா,
மஸ்துரா
மர்கிலான், நவம்பர், செவ்வாய்க்கிழமை