மஞ்சள் மெழுகும் கூலாய் வெயிலும்

8 நவம்பர் 1961, புதன்

மழை. காலையில் அடுப்படித் தகரக் கூரையில் விரித்த மெழுகுத் தகடுகளை மத்தியானத்துக்குள் அள்ளி உள்ளே கொண்டுவந்துவிட்டேன். மஞ்சள் கொஞ்சமும் வெளிறவில்லை. தேன்மெழுகு வெளுக்க வெயில் வேண்டும். மெல்லிய தகடாக உரித்து, துணியில் பரப்பி, நீர் தெளித்து, திருப்பிப் போட்டு, மறுபடி வெயில். சிங்கப்பூர் பஃபலோ ரோட்டில் இந்த மாடிக்கு வெயில் விருந்தாளி மாதிரி. வந்தவுடன் எழுந்துவிடும், எதிர்வீட்டு நிழல் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

ஜொகூரிலிருந்து மெழுகு கொண்டுவரும் யாக்கூப் வந்து மூட்டையை இறக்கினார். இந்த முறை கரி வாசனை. காட்டில் கூட்டைத் தீ வைத்து எடுத்திருக்கிறார்கள். பாதி தேனீ செத்து மெழுகோடு ஒட்டிக் கிடந்தது. சொன்னேன்.

"நான் என்னக்கா பண்றது? அவங்க குடுக்கிறது இதான். நீங்களே தேனீ வளர்த்தாத்தான் உண்டு. கூலாய்ல நெய்னா மாமா விக்கிற நிலத்தைப் பாக்க வர்றீங்களா, இல்லையா? அன்னாசி போடணும்னு ஒரு சீனத் தவுக்கே, பெரிய மொதலாளி, நச்சரிக்கிறாரு."

வருகிறேன் என்றேன். என் வீட்டுக்காரரிடம் கேட்காமலே சொல்லிவிட்டேன்.

12 நவம்பர், ஞாயிறு

பூசை முடிந்ததும் ரயில். இவர் தஞ்சோங் பகார் ஸ்டேஷனில் சரக்கு குமாஸ்தா. இரண்டு பேருக்கும் பாஸ் உண்டு. வழி முழுக்கப் பேப்பரில் முகத்தை வைத்திருந்தார். கூலாயில் இறங்கி, நெய்னா முகம்மதுவின் சைக்கிளைப் பின்தொடர்ந்து நடை.

இரண்டு ஏக்கர். கிழட்டு ரப்பர் மரங்கள், ஆறேழு ரம்புத்தான், ஒரு கிணறு, பலகை வீடு. வீட்டின் அடுப்படி சரிந்து விழுந்திருக்கிறது. வீட்டுக்கு முன்னால் மரமே இல்லாத ஒரு வெட்டவெளி. அங்கே நின்றேன். கண் கூசியது. பஃபலோ ரோட்டில் ஒரு மாதம் சேர்த்து வைத்தாலும் இவ்வளவு வெயில் கிடைக்காது.

"பாம்பு இருக்கும்" என்றார் இவர்.

"பஃபலோ ரோட்ல எலி இருக்கு."

"கரண்ட் கெடையாது, ஜோசபின்."

"நாம விக்கிறதே மெழுகுதிரிங்க!"

நெய்னா முகம்மது வாயை மூடிக்கொண்டு சிரித்தார். இவர் சிரிக்கவில்லை. ஆனால் கிணற்றை எட்டிப் பார்த்தார், இரண்டு முறை. கவனித்தேன்.

ரம்புத்தான் நிழலில் தேனீக் கூடுகள். கிணற்றுப் பக்கம் மெழுகு உருக்கும் கொட்டகை. வெட்டவெளி முழுக்க வெள்ளைத் துணி. ரயிலில் திரும்பும்போது எல்லாவற்றையும் மனசில் கட்டி முடித்துவிட்டேன்.

14 நவம்பர், செவ்வாய்

அண்ணனுக்கு எப்படித்தான் தெரிகிறதோ. இந்த வீட்டை மொத்தமாக வாடகைக்கு எடுத்து மாடி அறையை எங்களுக்கு விட்டிருப்பவர் அவர். மாதா கோயில் கமிட்டியில் பெரியவரும் அவரே. எனக்கு வரும், பீடத்தில் ஏற்றும் திரி ஆர்டர் எல்லாம் அவர் வாய் வழியாக வந்தவை. அதை அவர் மறந்ததே இல்லை. என்னை மறக்க விட்டதும் இல்லை.

"குவீன்ஸ்டவுன் கவர்மெண்டு வீட்டுக்கு ஒங்க பேரையும் எழுதிக் குடுத்திருக்கேன். சிமெண்டு தரை, குழாய்த் தண்ணி. நீ காட்டுக்குப் போய் ஈ மேய்க்கப் போறியா?"

"ஈ இல்லண்ணே, தேனீ."

"ரெண்டும் கொட்டும்."

"ஈ எங்கண்ணே கொட்டும்?"

அலெக்சாண்டர் அண்ணனுக்கு யாரும் எதிர்க்கேள்வி கேட்டுப் பழக்கமில்லை. படியில் இறங்கும்போது, மே மாசம் ஊரில் நடந்த பெரிய தீ விபத்துக்குப் பிறகு எல்லாரும் எப்படிப் பயந்துபோய் இருக்கிறார்கள் தெரியுமா, மாடியில் கரியடுப்பு வைத்து மெழுகு உருக்க விட்டிருக்கிறேனே என்று சொல்லிக்கொண்டே போனார். அது சும்மா சொன்னது இல்லை.

3 டிசம்பர், ஞாயிறு

அண்ணன் மகள் அற்புதமேரிக்குக் கல்யாணம். ஜனவரியில். பீடத்துக்கு ஆறு திரி, நெட்டையாக, பால் போல வெள்ளையாக வேண்டுமாம். சரி என்று தலையாட்டிவிட்டேன். அடைமழைக் காலத்தில் வெள்ளைக்கு வாக்குக் கொடுத்தவள் இந்த ஊரில் நான் ஒருத்தியாகத்தான் இருக்கும்.

கோயிலில் வெளுத்த திரி ஏற்றினால் சாதாரணப் பூசை. மஞ்சள் திரி ஏற்றினால் மரித்தோர் பூசை. பெரிய வெள்ளி வாரத்திலும் மஞ்சள்தான். சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த வழக்கம்.

19 டிசம்பர்

கொஞ்சம் வெயில் எட்டிப் பார்த்ததே என்று தகடுகளை விரித்தேன். அரைமணியில் கூரை முழுக்கத் தேனீ! எந்த மரத்திலிருந்து வந்தனவோ, மெழுகில் ஒட்டியிருந்த தேன் வாசனைக்கு வந்திருக்கின்றன. பக்கத்து வீட்டில் கீழே நகை செய்யும் முத்துசாமி பத்தர் ஊதுகுழலைப் போட்டுவிட்டுத் தெருவுக்கு ஓடினார்.

"தங்கச்சி! ஒன் விருந்தாளிங்களை நீயே கூப்புட்டுக்கோ லா!"

மன்னிப்பாக ஒரு கட்டி மெழுகு கொடுத்தேன். நகையில் கல் பதிக்கும்போது கல்லை ஒட்டி எடுக்க நல்ல மெழுகு கிடைப்பதில்லையாம். மோந்து பார்த்து, "இது கலப்படம் இல்ல. மாசாமாசம் குடு" என்றார். திட்டு வாங்கப் போய் வாடிக்கை பிடித்து வந்தேன்.

தேனீக்கள் தாமாகப் போகவில்லை. மழைதான் அவற்றை விரட்டியது.

7 ஜனவரி 1962, ஞாயிறு

வெளுக்கவில்லை. வெளுக்காது. அண்ணனிடம் சொன்னேன்.

"கடையில வெள்ளை மெழுகு விக்குது. பாதிக்குப் பாதி கலந்துடு. யாருக்குத் தெரியும்?"

"அது மண்ணெண்ணெய் வழி வந்த மெழுகுண்ணே. பீடத்துல ஏத்துற திரியில தேன்மெழுகுதான் பெரும்பங்கா இருக்கணும்னு கமிட்டியில நீங்கதானே வாசிச்சீங்க?"

"என் பொண்ணு கல்யாணம் இது. என்கிட்டயே சட்டம் பேசுறியா?"

"ஒங்க பொண்ணு கல்யாணம்னுதான் பேசுறேன்."

உன் திரி வேண்டாம், கடையில் வாங்கிக்கொள்கிறேன் என்று போய்விட்டார். இவர் என் பக்கமும் பேசவில்லை, அந்தப் பக்கமும் பேசவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

வேண்டாம் என்றால் விட்டுவிடுவேனா? மஞ்சளிலேயே ஆறு ஊற்றப்போகிறேன்.

13 ஜனவரி

ஆறும் முடிந்தன. வளையத்தில் நூலைத் தொங்கவிட்டு அகப்பையால் ஊற்றி, ஆறவிட்டு, மறுபடி ஊற்றி, பலகையில் உருட்டி. இவ்வளவு நேராக நான் உருட்டியதே இல்லை. கோபத்துக்கும் ஒரு பயன் உண்டு.

20 ஜனவரி, சனி

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

ஆறு திரியையும் துணியில் சுற்றி, பீட வேலை பார்க்கும் கோயில்பிள்ளையிடம் கொடுத்தேன். மரித்தோர் பூசைக்கா என்றார். இருக்கட்டும், எதற்காவது ஆகும் என்றேன். பீடத்தில் அண்ணன் வாங்கிய கடைத் திரிகள், பார்க்கப் பளபளவென்று. பூசைக்கு முன்னால் பங்குச் சாமியார் வந்தார். ஒரு திரியை நகத்தால் சுரண்டினார். மோந்தார். எல்லாவற்றையும் எடுக்கச் சொல்லிவிட்டார். பீடத்தில் இது ஆகாது, தேன்மெழுகுத் திரி எங்கே என்று கேட்டார். கோயில்பிள்ளையிடம் அப்போது இருந்தது என்னுடையது மட்டும்.

கல்யாணப் பெண் கோயிலுக்குள் வரும்போது பீடத்தில் ஆறு மஞ்சள் திரி எரிந்துகொண்டிருந்தன.

பெண்கள் பக்கம் அண்ணி வாயில் முந்தானையை வைத்து அழுதார். மாப்பிள்ளை வீட்டுக் கிழவி ஒருத்தி எல்லாருக்கும் கேட்கும்படி, "இங்க யாரு செத்தது?" என்றாள். அண்ணன் திரும்பி என்னைப் பார்த்தார். நான் கண்ணைத் தாழ்த்தவில்லை.

வாசலில் முத்தம் கொடுக்கும்போது அற்புதம் என் காதில் சொன்னது: "அத்தை, கோயில் முழுக்கத் தேன் வாசனை. வேற எதுவுமே எனக்கு ஞாபகம் இல்ல."

21 ஜனவரி

மாதக் கடைசிக்கு மேல் அடுப்பு இந்த வீட்டில் இருக்கக்கூடாது. அண்ணன் படியேறி வரவில்லை. கீழே நின்றே கத்தினார்.

2 பிப்ரவரி, வெள்ளி

மெழுகுதிரி மந்திரிக்கும் திருநாள். பெட்டி பெட்டியாகத் திரிகள் பீடத்துக்கு முன்னால். ஒன்றுகூட என்னுடையது இல்லை. நிமிர்ந்து நின்று எல்லாப் பாட்டையும் பாடினேன்.

18 பிப்ரவரி, ஞாயிறு

அடுப்பு போய்விட்டது. பத்தர் தன் பட்டறையின் பின்பக்கம் உருக்கிக்கொள்ள இடம் கொடுத்திருக்கிறார், அவர் ஊதாத நேரங்களில். பத்தர்கள், தையல்காரர்கள், செருப்புத் தைப்பவர்கள் எல்லாருக்கும் நூலுக்கும் கல்லுக்கும் மெழுகு வேண்டியிருக்கிறது. சிராங்கூன் ரோடு நெடுக நடந்து விற்கிறேன். கோயில் இல்லாமலும் பிழைப்பு நடக்கும். இதை அண்ணன் வீட்டு வாசல் வழியாகவே நடந்து காட்டுகிறேன்.

ஆனால் இந்த வீட்டில் இன்று பேச்சு முறிந்துவிட்டது. கூலாய் நிலத்தை முடித்துவிடலாம் என்றேன். அன்னாசித் தவுக்கே ஈஸ்டர் வரைதான் பொறுப்பாராம்.

"இருபத்தெட்டு வருசம் ரயில் சத்தத்துல வேலை செஞ்சவன் நான். கடைசியில குழாயைத் திருப்பினாத் தண்ணி வரணும், அவ்வளவுதான் கேக்குறேன். அது தப்பா?"

தப்பில்லை. அதுதான் கஷ்டம். அண்ணனை எதிர்ப்பது எனக்குச் சுலபம். இவர், ஆம்ப்ரோஸ், தப்பாக எதையும் கேட்பதில்லை.

இருந்தாலும் சொன்னேன்: "நீங்க குவீன்ஸ்டவுன் போங்க. நான் கூலாய் போறேன். ஞாயித்துக்கிழமை ரயில் இருக்கு."

சொன்ன பிறகுதான் பயம் வந்தது. வாபஸ் வாங்கவில்லை.

19 பிப்ரவரி

பேசவில்லை.

25 பிப்ரவரி

பேசவில்லை. ஆனால் என் அகப்பைப் பிடி தளர்ந்திருந்தது. யாரோ ஆணி அடித்திருக்கிறார்கள்.

15 மார்ச், வியாழன்

வேலையிலிருந்து வந்தார். சட்டையைக் கழற்றி மாட்டினார். தண்ணீர் குடித்தார்.

"கூலாய் ஸ்டேஷன்ல ஒரு குமாஸ்தாவுக்கு எடம் காலியா இருக்காம். யாரும் போக மாட்டேங்குறானாம், காடுன்னு."

நான் அகப்பையைத் துடைத்துக்கொண்டே இருந்தேன்.

"எழுதிக் குடுத்துட்டேன் லா. ஆனா கிணத்துக்கு ஒரு பம்பு போடணும். கையால இறைக்க மாட்டேன், இப்பவே சொல்லிட்டேன்."

இந்த மனிதர் நவம்பரில் கிணற்றை இரண்டு முறை எட்டிப் பார்த்ததை நான் எழுதி வைத்திருக்கிறேன். அவருக்குக் காட்டமாட்டேன்.

27 மே 1962, கூலாய்

வெயில். வெயில். வெயில்.

9 செப்டம்பர் 1963

யாக்கூப் தென்னந்துண்டு குடைந்து கொண்டுவந்தார். நாலு கூடு வைத்தோம். மூன்றை எறும்பு தின்றது. ஒன்றில் குடி ஏறியிருக்கிறது. இவர் தினமும் வேலைக்குப் போகுமுன் அதற்கு முன்னால் நின்று, "குட் மார்னிங்" என்கிறார். சைக்கிளில் ஒரு முறை பாம்பைத் தாண்டி வந்தார். அதை மட்டும் வாரத்துக்கு ஒரு முறை சொல்லிக்காட்டுகிறார்.

12 ஜூலை 1964

சரக்கு கொடுக்கச் சிங்கப்பூர் போனேன். பத்தர் தயங்கித் தயங்கிச் சொன்னார். அற்புதத்துக்கு இன்னும் குழந்தை இல்லை. சாவுத் திரி வைத்து நடந்த கல்யாணம், வேறு எப்படி இருக்கும் என்று அண்ணி கோயில் முழுக்கச் சொல்கிறாராம்.

திரும்பும் ரயிலில், ஜொகூர் பாலத்தருகே உட்லண்ட்ஸ் தாண்டும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு வந்தேன். ஆறு திரிக்கு அவ்வளவு சக்தி இருந்தால் விலையை ஏற்றியிருப்பேனே!

ஆனால் — அந்தப் பெண்ணுக்கு எதுவும் ஆகிவிடக்கூடாது. மாதாவே, அதை மட்டும் பார்த்துக்கொள். என் வீம்புக்கு அது கணக்குக் கொடுக்க வேண்டாம்.

10 ஆகஸ்ட் 1965

நேற்று ரேடியோவில் சொல்லிவிட்டார்கள். சிங்கப்பூர் தனி நாடு. இவர் கூடத்துக்கும் வாசலுக்கும் நடந்தார். "பாலத்துக்கு அந்தப் பக்கம் வெளிநாடா? பத்தர் கடை வெளிநாடா?"

இருக்கட்டும். இனி அண்ணன் வெளிநாட்டிலிருந்துதான் என்னைத் திட்ட வேண்டும். மெழுகு நேற்றைப் போலவே இன்றும் உருகியது.

18 செப்டம்பர் 1966, ஞாயிறு

மத்தியான ரயிலில் அண்ணன் வந்தார். நாலரை வருடத்தில் முதல் தடவை. இவர்தான் ஸ்டேஷனிலிருந்து சைக்கிளில் பின்னால் உட்காரவைத்துக் கூட்டிவந்தார். இறங்கியதும் அண்ணன் வேட்டியைத் தட்டிக்கொண்டே இருந்தார். தட்டத் தூசி ஒன்றும் இல்லை.

அற்புதத்துக்குப் பையன் பிறந்து மூன்று வாரம். அடுத்த ஞாயிறு ஞானஸ்நானம்.

காப்பி கொடுத்தேன். நிலத்தைப் பார்த்தார், பம்பைப் பார்த்தார், கூடுகளுக்கு எட்டவே நின்றார்.

"ஞானஸ்நானத் திரி ஒன்னு வேணுமாம். அத்தைகிட்டதான் வாங்கணும்னு அது ஒரே பிடிவாதம்." காப்பியை ஒரு வாய் குடித்தார். "ஒன்ன மாதிரி."

உள்ளே போய் எடுத்துவந்தேன். அவர் முன்னால் துணியைப் பிரித்தேன். மஞ்சள் திரி.

"வெள்ளை இல்லையா?"

"இல்லண்ணே."

வெட்டவெளியில், அவருக்குப் பின்னால், பால் போல வெளுத்த தகடுகள் துணி நிறையக் காய்ந்துகொண்டிருந்தன. வரும்போது அவற்றைச் சுற்றித்தான் நடந்து வந்தார். இப்போதும் ஒருமுறை திரும்பி அவற்றைப் பார்த்தார். நானும் பார்த்தேன்.

"சரி, குடு."

மஞ்சள் திரியை வாங்கி மோந்து பார்த்தார். பிறகு, வெயிலில் இளகிவிடாமல் இருக்க, குடைக்குள் வைத்துச் சுருட்டிக்கொண்டார்.