ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்த கோடுகள்

இன்று காலை குடுவையைத் திறந்ததும் அதே மீன் வாடை. நானோ துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டாமலிருக்க ஊற்றும் அமீன் என்ற வேதிப்பொருளின் வாடைதான். ஆய்வுக்கூடத்தில் எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொள்ளும்போது நீ மட்டும் சிரிப்பாய். "எங்க அம்மா மீன் கூடையைத் தூக்கிட்டு வந்து நிக்கிற மாதிரியே இருக்குடி." இன்று நான் வெளியே ஓடிப்போய்ச் சுவரில் சாய்ந்து அழுதேன்.

உனக்கு நாகைப் பக்கம் கடலோரம், எனக்குப் பூதலூர். தஞ்சாவூரில் ஒரே அறை, ஒரே ஆய்வு. உள்ளே மாங்கனீசு சேர்த்துத் துகள்களைச் செய்வது நீ. காந்தத்துக்குள் வைத்து அளப்பது நான். குறைக்கடத்தித் துகளுக்குள் அடைபட்ட எலக்ட்ரானின் தற்சுழற்சிக்கு இரண்டே நிலைகள். காந்தப்புலம் பட்டால் ஒரு நிலையில் எலக்ட்ரான்கள் கூடவேண்டும். அப்போது துகள் உமிழும் ஒளியில் வலமாகச் சுழல்வதற்கு ஒன்று, இடமாகச் சுழல்வதற்கு ஒன்று என நாம் வரையும் கோடுகள் இரண்டும் விலகும்.

நம்முடையவை விலகவே இல்லை. எவ்வளவு குளிர்வித்தாலும், புலத்தை எவ்வளவு கூட்டினாலும் ஒன்றன்மேல் ஒன்றாகவே கிடந்தன. "மாங்கனீசு உள்ள போகலடி, மேலேயே ஒட்டிக்கிட்டு நிக்குது" என்று சொல்லிவிட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்குவாய்.

அப்போதுதான் உனக்கு அந்தத் தலைவலி வந்தது.

ஸ்கேன் அறை வாசலில் உன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "உள்ள பெரிய காந்தமாமே, பாப்பா. மண்டையில இருக்குற கட்டிய அது இழுத்து எடுத்துராதா?"

"இல்லம்மா. பாக்க மட்டுந்தான் முடியும்."

"நீங்க ரெண்டு பேரும் காந்தத்தைத்தானே படிக்கிறீங்க? ஏதாவது செய்யேம்மா."



அறுவை சிகிச்சைக்குப் பிறகும் கட்டி வளர்ந்தது. நாக்கு குழறத் தொடங்கிய பிறகும் நீ கேட்டது ஒன்றுதான்: "கோடு பிரிஞ்சிச்சா?" இல்லையென்று தலையாட்டினேன். நீ சுவர்ப்பக்கம் திரும்பி அழுதாய். அம்மா பார்த்துக்கொண்டே இருந்தார்.

நீ போன பிறகு, கடைசியாக நீ செய்து வைத்திருந்த துகள்களை அளந்தேன். புலம் ஏற ஏறக் கோடுகள் விலகின. "ஏய், ஓடி வாடி!" என்று கத்திவிட்டேன். அறையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

மறுநாளே பஸ் ஏறி உன் வீட்டுக்குப் போனேன். கோடுகளை அச்செடுத்த காகிதத்தை விரித்தேன். அம்மா இரண்டு கோடுகளையும் விரலால் தடவினார்.

"இதைத்தான் கேட்டாளா?"

"ஆமாம்மா. அவ செஞ்சது சரியா வந்துருச்சு."

"அப்பவே வந்திருந்தா பொழைச்சிருப்பாளா?"

"இல்லம்மா, இது வேற."

"பின்ன எதுக்கும்மா எம்பொண்ணு சாகுற நேரத்துல இதுக்குப் போய் அழுதா?"

அவர் கொடுத்த டீயைக்கூடக் குடிக்காமல் எழுந்து வந்துவிட்டேன்.

உன் துகள்கள் தீர்ந்துவிட்டதால் இன்று நானே செய்ய ஆரம்பித்திருக்கிறேன். நீ இருந்திருந்தால் அம்மாவுக்குப் புரிகிற மாதிரி ஏதாவது சொல்லியிருப்பாய். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. எங்கே போனாலும் அவருடைய அந்தக் கேள்வி மட்டும் கூடவே வருகிறது.