கறுப்பு டேப் சுற்றிய பற்றரிகள்

அந்தச் சாக்கு யாருடையது என்று அவர்கள் கேட்டபோது நான் உன் பெயரைச் சொல்லவில்லை. முதலில் இதை உனக்குச் சொல்லிவிட வேண்டும். குடையை மடக்கிக்கொண்டு கடை வாசலில் நின்று நீ என் முகத்தைப் பார்த்தாய். நான்தான் சொல்லிவிட்டேன் என்று நினைத்திருப்பாயோ என்பது இன்னும் எனக்குள் கிடந்து உறுத்துகிறது. சொல்லவில்லை. வாயையே திறக்கவில்லை.

இன்று பின்னேரம் கடற்கரைப் பக்கமிருந்து வயர் எரியும் நாற்றம் வந்தது. முதலில் இனிப்பாக மூக்கில் ஏறி, பிறகு தொண்டையை நகத்தால் கீறுகிற அதே நாற்றம். ஜன்னலைச் சாத்தியும் போகவில்லை. கடையைப் பூட்டுவதற்கு முன் இதை எழுத உட்கார்ந்தேன்.

நீ பாண்டிருப்பிலிருந்து என் வாப்பாவின் கடைக்கு டைப் அடிக்க வந்தபோது நம் இருவருக்கும் ஒரே வயது. கல்முனைக் கடற்கரை வீதியில் ஒரு சின்னக் கொம்யூனிகேஷன். டெலிபோன், போட்டோக் கொப்பி மெஷின், இரண்டு கணினிகள். நான் கூப்பிடுவதைக் கேட்டு நீயும் அவரை வாப்பா என்றே கூப்பிடத் தொடங்கினாய். உன் அம்மா அதற்குச் சிரித்தார். அடுத்த வருஷம் கடல் வந்தது.

கடையின் இரும்புக் கதவைக் கடல் பாய் சுருட்டுவதுபோல் சுருட்டிப் போட்டது. என் உம்மாவின் உடலை முட்கம்பி வேலியிலிருந்து பிரித்தெடுத்தோம். உன் அண்ணனை எடுக்கவே கிடைக்கவில்லை. அந்த முதல் கிழமைகளில் தமிழர், முஸ்லிம் சோனகர் என்று யாரும் பிரித்துப் பார்க்கவில்லை. ஒரே பள்ளிக்கூடத்தின் வகுப்பறைகளில் எல்லோரும் கிடந்தோம். கிணறுகள் எல்லாம் உப்பு. பவுசர் வண்டியில் வரும் தண்ணீருக்கு வரிசையில் நின்று அடிபட்டார்கள்.

அப்போதுதான் நீ இடிந்த கடைக்குள் போய், சேற்றுக்குள் புதைந்திருந்த கணினிகளைத் தோண்டி எடுத்து வந்தாய். உள்ளிருந்த சர்க்கியூட் பலகைகளைக் கழற்றி, பள்ளிக்கூடத்து மாமரத்தின் கீழ் வைத்து, பவுசர் தண்ணீரை ஊற்றிப் பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தாய். பிள்ளைகள் தாகத்துக்கு அழுதுகொண்டிருந்த இடத்தில். ஒருவன் ஓடிவந்து தண்ணீர்க் கானைப் பிடுங்கி அதனாலேயே உன் நெற்றியில் அடித்தான். அவன் தன் இரண்டு பிள்ளைகளையும் கடலுக்குக் கொடுத்தவன். யாரும் அவனைத் தடுக்கவில்லை. நியாயம் அவன் பக்கம் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். கண்ணுக்குள் இரத்தம் இறங்க, நீ குந்தியிருந்த இடத்திலேயே இருந்தாய்.

"இது என்ட பங்குத் தண்ணி. நான் இண்டைக்குக் குடிக்கல்ல" என்றாய்.

அவன் கானைக் கீழே போட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்து அழுதான். உனக்குச் சீலைத் துணியால் கட்டுப் போடும்போது, ஏன்டி இந்தக் கூத்து, எல்லாமே போன பிறகு இந்த இரும்பு எதற்கு என்று நான் கத்தினேன்.

"இது சாகல்ல கா. உப்பத்தான் கழுவணும்."

இரண்டில் ஒன்று பிழைத்தது. ஜெனரேட்டரில் அதை ஓடவிட்டு, மாதக்கணக்காகச் செத்தவர்களுக்கான மரணப் பதிவு விண்ணப்பங்களை அடித்தோம். உன்னை அடித்தவனும் வந்தான். அவன் பிள்ளைகளின் பெயர்களை நீதான் அடித்தாய். எழுத்துப் பிழை வந்துவிடக்கூடாது என்று, அச்செடுப்பதற்கு முன் அவனுக்கு வாசித்துக் காட்டினாய்.

உனக்கு அந்தப் பிடிவாதம் அங்கே தொடங்கியது என்று நினைக்கிறேன். நிவாரண நிறுவனங்கள் ஒவ்வொன்றும் புதுக் கணினிகளோடு வந்தன. திட்டம் முடிந்ததும் அவற்றை அப்படியே விட்டுவிட்டுப் போயின. கடைகளிலும் பழுதான மெஷினைத் திருத்துவதைவிடப் புதிது வாங்குவது கௌரவமாகப் போயிற்று. போட்டோக் கொப்பி மை வாய்க்காலுக்குள் போனது. யூ.பீ.எஸ். பற்றரிகள் கரண்ட் வெட்டுக்கு வெட்டு செத்தன. அத்தனையும் கடைசியில் கடற்கரையில் இருந்த பழைய இரும்புக் கடை முதலாளியின் வளவுக்குத்தான் போய்ச் சேர்ந்தன. அங்கே பற்றரிகளைக் கோடரியால் பிளந்து, அமிலத்தை மணலில் கவிழ்த்து, ஈயத்தைத் தாச்சியில் உருக்கினார்கள். வயர்களைக் குவித்துத் தீ வைத்தால் செம்பு மட்டும் மிஞ்சும். பக்கத்தில் நாலைந்து வீட்டுக்காரர் அள்ளும் கிணறு.

நம் கடையிலிருந்து ஒரு பற்றரிகூட அங்கே போகக்கூடாது என்றாய். வாப்பா ஒத்துக்கொண்டார். பிறகு நீ மற்றக் கடைகளுக்கும் போனாய். மையை நிரப்பித் திரும்பப் பாவியுங்கள், இரவில் மெஷினை நிறுத்துங்கள், செத்த பற்றரியை எனக்குத் தாருங்கள் என்று கேட்டாய். சிலர் தந்தார்கள். அதிகம் பேர் சிரித்தார்கள். கொழும்பில் பற்றரிகளைத் திருப்பி வாங்கி ஒழுங்காகப் பிரிக்கிற ஓரிடத்தை விசாரித்து வைத்திருந்தாய். கிடைத்த பற்றரிகளின் முனைகளுக்குக் கறுப்பு டேப் சுற்றி, கழற்றிய வயர்களோடும் பலகைகளோடும் ஒரு சாக்கில் சேர்த்தாய். சாக்கு நிறைந்ததும் லொறியில் ஏற்றிவிட வேண்டும். அந்தச் சாக்கு கொழும்புக்குப் போய்விட்டால், மற்றக் கடைக்காரர்களும் நம்பித் தருவார்கள் என்பதுதான் உன் கணக்கு.

ஒரு நாள் நம் இருவரையும் கண்ட முதலாளி, வளவு வாசலில் நின்றபடி பகிடி விட்டார். "என்ன புள்ள, பற்றரிக்கெல்லாம் கறுப்பு டேப்பால தாலி கட்டி வெச்சிரிக்கியாம்? மாப்பிள யாரு?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நீ அவரைத் தாண்டி உள்ளே போய், கிணற்றுக்கும் அமிலம் ஊற்றும் பள்ளத்துக்கும் இடையில் நின்றாய். இனி இங்கே ஊற்றாதீர்கள் என்று அடங்கிய குரலில்தான் சொன்னாய். அவருடைய ஆள் ஒருவன் அமிலம் நிறைந்த பேசினைக் காலால் தட்டிவிட்டான். அமிலம் உன் பாதங்களில் பாய்ந்தது. நீ அலறியதை அதற்கு முன்னும் பின்னும் நான் கேட்டதில்லை. அந்தக் கிணற்றுத் தண்ணீரையே வாளி வாளியாக அள்ளி உன் கால்களில் ஊற்றினேன். தோல் என் கையோடு வந்தது.

வீட்டுக்குப் போகும்போது முச்சக்கர வண்டிக்குள் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாய். "இந்தக் கிணறு உப்புப் போக ரெண்டு மாரிமழ எடுத்திச்சி. இத எத்தின மாரி கழுவும்?"

சாக்கு நிறைந்தபோது யுத்தம் இறுகிவிட்டது. வழக்கமான லொறிக்காரர் சாக்கின் வாயை அவிழ்த்துப் பார்த்துவிட்டுக் கைகளைத் துடைத்தார். வயரும் பற்றரியுமாக அத்தனை சோதனைச் சாவடிகளையும் தாண்ட ஏலாது, என்னைக் கொல்லப் பார்க்கிறீர்களா என்று கேட்டார். அவரில் பிழையில்லை. சாக்கு கடையின் பின்னறையிலேயே கிடந்தது. முதலாளிக்கே விற்றுவிட்டு நிம்மதியாக இரு மகள் என்று வாப்பாவும் சொல்லிப் பார்த்தார்.

"அவருக்குக் குடுத்தா அது திரும்ப நம்மட தண்ணிக்குள்ளதான் வரும், வாப்பா" என்றாய். பாதை திறக்கும், பொறுப்போம் என்றாய்.

காத்திருந்த நாட்களில் நீ சாக்கை இன்னும் ஒழுங்காக்கினாய். தீப்பொறி வந்துவிடக்கூடாது என்று ஒவ்வொரு பற்றரியின் முனைகளுக்கும் மறுபடி டேப் சுற்றினாய். வயர்களை நிறம் பிரித்து வளையமாகச் சுருட்டி, உன் பழைய சிவப்புப் பூப்போட்ட சட்டையைக் கிழித்து முடிச்சுப் போட்டாய். பலகைகளைப் பத்திரிகைத் தாளில் பொதிந்தாய். முதலாளியின் வளவில் இதே சாமான்கள் மலைபோல் வெளியே கிடந்தன. அதை யாரும் சந்தேகிக்கவில்லை. அது பார்க்கக் குப்பையாக இருந்தது. நீ அடுக்கியது குப்பையாக இல்லை.

நகரில் ஒரு குண்டு வெடித்த மறுநாள் அவர்கள் கடைக்கு வந்தார்கள். வாப்பா நடுப்பகல் லுஹர் தொழப் பள்ளிவாசலுக்குப் போயிருந்தார். நீ சாப்பிட வீட்டுக்குப் போயிருந்தாய். யார் நீங்கள் என்று தோளில் துவக்கு மாட்டி வருகிறவர்களை யாரும் கேட்பதில்லை. ஒருவன் பின்னறைக்குள் போனான். கத்தியால் சாக்கைக் கிழிக்கிற சத்தம் கேட்டது. பிறகு ஒரு சத்தமும் இல்லை. அவன் வெளியே வந்தபோது அவன் கையில், முனைகளில் டேப் சுற்றி, சோடியாகச் சேர்த்துக் கட்டிய இரண்டு பற்றரிகள் இருந்தன. அவற்றைக் குழந்தையைத் தூக்குவதுபோல் பிடித்திருந்தான்.

இது யாருடையது என்றார்கள். பேசாமல் நின்றேன். துவக்கின் அடிப்பாகம் என் தோளில் இறங்கியது. மேசை விளிம்பில் வாய் மோதி நாக்கு வெட்டுப்பட்டது. மறுபடி கேட்டார்கள். தலைமுடியைப் பிடித்துத் தூக்கி நிறுத்தியபோது வாசலில் உன்னைக் கண்டேன்.

நீ அப்படியே போயிருக்கலாம். போட்டோக் கொப்பி எடுக்க வந்த ஒரு பெண் என்றே நினைத்திருப்பார்கள். குடையை மடக்கிச் சுவரில் சாத்தினாய்.

"அது என்ட. அவக்கு ஒண்டும் தெரியா."

பிறகு விளக்கினாய். உன்னால் விளக்காமல் இருக்க முடியாது. முனைக்கு ஏன் டேப் சுற்றினாய், இரண்டு முனையும் தொட்டால் எப்படிச் சூடேறும், வயரை ஏன் நிறம் பிரித்தாய் என்று ஒவ்வொன்றாகச் சொன்னாய். நீ சொல்லச் சொல்ல அவர்களுடைய முகங்கள் இறுகின. இவ்வளவு தெரிந்த ஒருத்தியைத்தான் அவர்கள் தேடி வந்திருந்தார்கள். ஒருவன் உன் வாயில் குத்தினான். நீ அதற்குப் பிறகும் கொழும்பிலுள்ள அந்த இடத்தின் விலாசத்தைச் சொல்லிக்கொண்டிருந்தாய்.

கைகளைப் பின்னால் கட்டினார்கள். நீ கொண்டுவந்து வைத்திருந்த டேப்பாலேயே கட்டினார்கள். வாகனத்தில் முதலில் சாக்கை ஏற்றினார்கள், மெதுவாக, இருவர் பிடித்து. பிறகு உன்னைத் தூக்கி எறிந்தார்கள். உன் வாயெல்லாம் இரத்தம். அதோடு என்னைப் பார்த்துச் சொன்னாய்:

"போகக்குள்ள மெயின் சுவிச்ச நிப்பாட்டிப்போட்டுப் போ கா."

நிறுத்தினேன். அன்றும் நிறுத்தினேன்.

உன் அம்மாவோடு நானும் வாப்பாவும் போகாத இடமில்லை. எங்கேயும் அப்படி ஒருவரைக் கொண்டுவரவில்லை என்றார்கள். உன் அம்மா என்னை ஒரு வார்த்தை ஏசவில்லை. என் தோளில் எண்ணெய் தடவிவிட்டார். யுத்தம் முடிந்த அன்று வீதியில் பட்டாசு வெடித்தது. ஒவ்வொரு வெடிக்கும் அவர் வாசலுக்கு வந்து வந்து பார்த்தார்.

கடை இப்போது என் பொறுப்பு. பாதைகள் திறந்துவிட்டன. கொழும்பு லொறி செத்த பற்றரிகளை ஏற்றிக்கொண்டு போகிறது, யாரும் அவிழ்த்துப் பார்ப்பதில்லை. சிரித்த கடைக்காரர்களில் சிலர் தாங்களாகவே கொண்டுவந்து தருகிறார்கள். நான் முனைகளுக்குக் கறுப்பு டேப் சுற்றுகிறேன். ஒன்றைக்கூடச் சுற்றாமல் வைப்பதில்லை. உன் பிரஷ் என் மேசை லாச்சிக்குள் இருக்கிறது. இன்னும் சற்று நேரத்தில் மெயினை நிறுத்திவிட்டுப் போவேன்.

உன்னைக் கொண்டுபோன கிழமை முடிவதற்குள் அந்தச் சாக்கு வெளியே வந்துவிட்டது. அதில் ஆபத்தாக ஒன்றும் இல்லையென்று கண்டு, பழைய இரும்போடு சேர்த்து விற்றிருக்கிறார்கள். முதலாளியின் வளவில், உன் சிவப்புப் பூத்துணி முடிச்சுகளைக் கண்டு நான் அடையாளம் பிடித்தேன். பற்றரிகளைக் கிணற்றடியில் பிளந்தார்கள். வயர்களைக் கடற்கரையில் குவித்து எரித்தார்கள். நீ வரவில்லை.