அண்ணையின் நிரந்தர வதிவிடம்

தோகா,
09 பங்குனி 2025

அன்பின் கலா,

நீயும் அம்மாவும் சுகமாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அம்மாவின் முழங்கால் நோ எப்படி? போனில் உன்னோடு ஒரு விஷயம் கதைக்க வெளிக்கிட்டால், "ஓம் அண்ணை" என்று சொல்லிவிட்டு அம்மாவிடம் கொடுத்துவிடுகிறாய். ஆனபடியால் இதை மின்னஞ்சலில் எழுதுகிறேன்.

கனடா வரி அலுவலகத்திலிருந்து கேள்விகள் வந்திருக்கின்றன. நான் கட்டாருக்கு வந்து நாலு வருஷம். இங்கே சம்பளத்துக்கு வரி இல்லை. கனடாக் குடியுரிமை இருக்கிறது என்பதற்காக மட்டும் அவர்கள் வரி கேட்பதில்லை, ஆள் அங்கே வதிகிறவரா என்றுதான் பார்ப்பார்கள். விவாகரத்தோடு ரொறன்ரோ வீட்டை விற்றுவிட்டேன். பிள்ளைகளும் இல்லை. இனி எனக்கும் கனடாவுக்கும் ஒன்றுமில்லை என்றுதான் இருந்தேன். என் வரிக்காரர் இப்போது வேறு கதை சொல்கிறார். கனடாவை விட்டு வெளிக்கிட்டது மட்டும் காணாதாம், வேறெங்காவது ஒரு நிரந்தர வீடு இருக்கவேண்டுமாம். இல்லையென்றால் நான் இன்னும் கனடாவில் வதிகிறவன் என்றே எடுத்து, நாலு வருஷத்துக்கும் வரி கேட்பார்களாம். இங்கே நான் இருப்பது கம்பனி விடுதி. ஒரு அறையில் இரண்டு பேர். வேலை முடிந்தால் அந்தக் கட்டிலும் என்னுடையதில்லை.

அதனால் இணுவில் வீட்டைக் காட்டப்போகிறேன். நான் கட்டினாலும் அது சீதனமாக உன் பேரில் எழுதியது, பரவாயில்லை. "அண்ணைக்கு இந்த வீட்டில் எப்போதும் ஓர் அறை இருக்கிறது, லீவுக்கு வந்தால் அதில்தான் தங்குவார்" என்று ஒரு சத்தியக்கடதாசி எழுதி, சமாதான நீதவானுக்கு முன்னால் கையெழுத்து வைத்து அனுப்பு. உனக்கு இதெல்லாம் பழகின வேலைதானே. சுன்னாகத்தில் கணக்காளரின் கந்தோரில் இருந்துகொண்டு ஊராருக்கு வரிப் படிவம் நிரப்புகிறாய். அண்ணைக்கு ஒரு பக்கம் எழுதமாட்டாயா?

அண்ணை
குகதாசன்

*

இணுவில்,
16 பங்குனி 2025

அன்புள்ள அண்ணைக்கு,

அம்மா நலம். நோ எண்ணெய் பூசிக்கொண்டு கோயிலுக்கு நடந்து போய் வருகிறார்.

உங்கள் கடிதத்தை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். "உதுக்கேன் பிள்ளை இவ்வளவு யோசினை? அவன் கட்டின வீடு. அவன்ரை அறை எண்டு எழுதி விடன்" என்றார். அடுத்த நாள் கந்தோரில் சாப்பாட்டு நேரத்தில் எழுத இருந்தேன். முதல் வரியிலேயே கை நின்றுவிட்டது.

முன் அறையில் இப்போது ஆரபி என்றொரு பிள்ளை வாடகைக்கு இருக்கிறாள். முல்லைத்தீவு, தாதிமார் பயிற்சிக்கு வந்தவள். நீங்கள் மனம் நோவீர்கள் என்று நினைத்து அம்மா இதை உங்களுக்குச் சொல்லவில்லை. அது பெரிய விஷயமில்லை, அவளுக்கு வேறு இடம் பார்த்துக் கொடுத்துவிட்டும் எழுதலாம். ஆனால் "லீவுக்கு வந்தால் அதில்தான் தங்குவார்" என்ற வரியை நான் எப்படி எழுதுவது?

வீடு குடிபூர்ந்த பிறகு மூன்று தரம் வந்தீர்கள். மூன்று தரமும் யாழ்ப்பாணம் ரவுணில் ஹோட்டலில் நின்றீர்கள். அம்மா புட்டும் கத்தரிக்காய்ப் பால்கறியும் கட்டித் தருவார். நான் பஸ்ஸில் கொண்டுவந்து, மேலே ஏறி வரக் கூச்சப்பட்டு, கீழே வரவேற்பு மேசையில் கொடுத்துவிட்டுத் திரும்புவேன். அங்கே இருந்தவர் ஒவ்வொரு முறையும் "எந்த அறைக்கு?" என்று கேட்பார். அந்த இலக்கங்கள் எனக்கு இன்னும் ஞாபகம். எங்கள் வீட்டில் உங்கள் அறை எது என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

கந்தோருக்கு வருகிறவர்களிடம் "உள்ளதைச் சொல்லுங்கோ, நீங்கள் சொல்லுறதைத்தான் நான் எழுதுவன்" என்று சொல்வது என் வேலை. அந்தக் கதிரையில் நான் இருப்பது நீங்கள் படிப்பித்ததால். உங்களுக்கு இல்லையென்று சொல்ல எனக்கு வாய் வராது. சத்தியம் பண்ணிப் பொய் எழுதவும் கை வரவில்லை. நான் என்ன செய்ய, அண்ணை?

உங்கள் தங்கை
கலா

*

தோகா,
23 பங்குனி 2025

கலா,

உன் கடிதத்தைப் பார்த்ததும் கோபம்தான் வந்தது. "உவளைப் படிப்பிச்சது எனக்கெதிராய்ச் சாட்சி சொல்லவோ?" என்று அறையில் இருக்கிறவனிடம் சொன்னேன். அவன் மலையாளி, விளங்காமல் தலையாட்டினான்.

ஒன்று உனக்குத் தெரியாது. முதல் தரம் நான் அங்கே தங்கத்தான் வந்தேன். பெட்டியும் வாசலில் நின்ற வானுக்குள் இருந்தது. அம்மா கண்ணாடி அலுமாரியைத் திறந்து, பூப்போட்ட கோப்பையும் பீரிசும் எடுத்துத் துடைத்து, எனக்குத் தேத்தண்ணி தந்தார். நீயும் அம்மாவும் சில்வர் கப்பில் குடித்தீர்கள். உங்களோடு இருப்போம் என்று குசினிக்குள் வந்தேன். "ஐயோ தம்பி, இங்கை ஒரே புகை, முன்னுக்குப் போய் இரு" என்றார். நீ கதவோரம் நின்று, கலியாணத்துக்குச் சொல்ல வந்தவர்களைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தாய். பெட்டியை இறக்கவில்லை. ஏசி இல்லாமல் நித்திரை வராது என்று சொல்லிவிட்டுப் போனேன். நீங்களும் நம்பிவிட்டீர்கள்.

சத்தியக்கடதாசி வேண்டாம். அந்தப் பிள்ளையை அறையிலிருந்து எழுப்பாதே. கனடாவில் வதிகிறவன் என்றே போடும்படி வரிக்காரரிடம் சொல்லிவிட்டேன், நாலு வருஷத்துக்கும் கட்டுகிறேன். விலாசம் கேட்டார். ரொறன்ரோவில் இருக்கிற சிநேகிதன் நிருஷனின் வீட்டு நிலக்கீழறை விலாசத்தைக் கொடுத்தேன். அந்த அறையை நான் கண்ணாலும் கண்டதில்லை.

குகதாசன்

*

இணுவில்,
18 சித்திரை 2025

அன்புள்ள அண்ணைக்கு,

வருஷப்பிறப்புக்கு நீங்கள் போன் எடுக்கவில்லை. அம்மா போனை மடியில் வைத்துக்கொண்டு முன்னுக்கு இருந்தார்.

உங்கள் கடிதத்தில் கோப்பையைப் பற்றிய இடத்தை அம்மா திரும்பவும் வாசிக்கச் சொன்னார். பிறகு, "விருந்தாளி எண்டு குடுக்கேல்லைப் பிள்ளை. இருக்கிறதுக்குள்ளை நல்லதை அவனுக்குக் குடுக்கவேணும் எண்டுதான் குடுத்தனான்" என்றார். நான் கதவோரம் நின்றதும் உண்மை. என்ன கதைப்பது என்று தெரியாமல்தான் நின்றேன். இப்போதும் தெரியாது, அதுதான் எழுதுகிறேன்.

ஆரபியின் படிப்பு கார்த்திகையில் முடிகிறது. அதற்குப் பிறகு முன் அறையை யாருக்கும் கொடுப்பதில்லை என்று அம்மா சொல்லிவிட்டார். ஆனால் உங்கள் அறை என்று இப்போதே நான் எழுதமாட்டேன், அண்ணை. நீங்கள் வந்து இருந்தால்தான் அது உங்கள் அறை. வந்து இருந்துவிட்டுக் கேளுங்கள், சமாதான நீதவானிடம் நானே போகிறேன். இங்கே வதிகிறவராகிவிட்டால் இந்த நாட்டு வரி விதிகளும் வரும். அந்தப் படிவத்தையும் நானே நிரப்புவேன். உள்ளதைத்தான் எழுதுவேன்.

போன கிழமை சுன்னாகம் சந்தைக்குப் போன இடத்தில் அம்மா ஒரு சில்வர் கப் வாங்கினார். கடைக்காரர், "ஆரின்ரை பேர் வெட்ட, அம்மா?" என்று கேட்டார். அன்பளிப்புக்கு வாங்குகிறார் என்று நினைத்திருப்பார். "பேர் வேண்டாம். வீட்டிலை குடிக்கிற கப்பிலை ஆர் பேர் வெட்டுறது?" என்றார் அம்மா.

முதன்முதல் அதில் தேத்தண்ணி குடித்தது ஆரபி. உங்களுக்கு வாங்கினது என்று தெரியாமல் எடுத்துவிட்டாள். நான் அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். அவள் குடித்து முடித்ததும் அம்மா அதைக் கழுவி, எங்கள் கப்புகளோடு கவிழ்த்து வைத்தார்.

கலா