மழைக்கு மேலே நிற்கும் புகை

என் வீட்டுக்காரிக்கு,

மகள் வீட்டில் சுகந்தானே? எனக்கு எழுதத் தெரியாததால் மருமகள் எழுதுகிறாள்.

கடல் தாண்டி எங்கோ எரிமலை வெடித்ததிலிருந்து, இங்கே சூரியன் மறைந்த பிறகும் வானம் மறுபடி ஊதாவாகப் பற்றிக்கொள்கிறது. நமக்குக் கல்யாணமான வருஷமும் இப்படித்தான். மத்தியானம் தூங்கி அந்த நேரத்தில் எழுந்த நீ, "விடிஞ்சிடுச்சு, வேலைக்குப் போகலையா?" என்று என்னைத் துரத்தினாய். நானும் பாதித் தெரு போய்விட்டேன்.

அந்தப் புகை மேகத்துக்கும் மேலே ஏறிவிட்டதாம். மழையால் கழுவ முடியாதாம். இறங்க ஒரு வருஷத்துக்கு மேல் ஆகுமாம்.

"அத்தையை வரச் சொல்லி எழுதட்டுமா மாமா?" என்கிறாள்.

"கோவிச்சுக்கிட்டுப் போனவ. வானத்தைப் பத்தி மட்டும் எழுதும்மா" என்றேன்.

மாடிக்கு உன் நாற்காலியையும் ஏற்றிவிட்டேன். தினமும் ஏற்றி இறக்க என் முழங்காலால் ஆகாது. அங்கேயே கிடக்கட்டும்.

உன் கிழவன்