டாக்டர் முன் அசையாமல் உட்கார்ந்த மஞ்சு

என் செல்லத் தங்கை சுசீலா,

நல்ல செய்தி இருக்கிறது. பேனா என் வேகத்துக்கு ஓட மாட்டேன் என்கிறது. ஆனாலும் முதலிலிருந்து வரிசையாகத்தான் சொல்வேன். உன் அக்காவைத் தெரியாதா உனக்கு?

நீ கண்ணை மூடி இரண்டு வருடமாகிறது. உன் மஞ்சுவுக்கு எட்டு வயது, மூன்றாம் வகுப்பு, என்னோடுதான் இருக்கிறாள். ஆடி மாதம் பள்ளியிலிருந்து மதர் கடிதம் அனுப்பினார். பாடத்தின் நடுவில் எழுந்து ஓடுகிறாள், எந்தக் கணக்கையும் முடிப்பதில்லை, பக்கத்துப் பிள்ளைகளையும் எழுதவிடுவதில்லை. அரைப்பரீட்சைக்குள் மாறாவிட்டால் வேறு பள்ளி பார்க்க வேண்டுமாம். நான் படித்த கான்வென்ட், சுசீலா!

"அவ வேணும்னு செய்யலக்கா" என்று நீ எத்தனை முறை சொன்னாய். தாயின் செல்லம் என்று நினைத்தேன். நீ போன பிறகு அடித்தேன், முட்டி போட வைத்தேன், நூறு முறை எழுத வைத்தேன். பதினேழாவது வரியில் பென்சிலைக் கடித்தபடி வேறெங்கோ போயிருப்பாள்.

இப்படிப்பட்ட பிள்ளைகளைப் பார்க்கும் டாக்டரம்மா ஒருவர் மெட்ராஸில் இருப்பதாக அவளுடைய வகுப்பு டீச்சர் சொன்னாள். போகலாம் என்று முடிவு செய்தேன். அங்கேதான் ஒரு முட்டாள்தனமும் செய்தேன். வெளியூர் டாக்டர் நம் வீட்டுப் பிள்ளையைக் குறைவாக நினைக்கக் கூடாதே என்று ஒரு வாரம் பயிற்சி கொடுத்தேன். கையைக் கட்டி உட்கார வேண்டும், கேட்டால் மட்டும் பேச வேண்டும். அரக்குப் பட்டுப்பாவாடை, தலை நிறையப் பூ. பெண் பார்க்க வந்தவர்கள் முன் நிறுத்துவதுபோலக் கூட்டிப்போனேன். மதரின் கடிதம் கைப்பையில் இருந்தது. காட்டும் எண்ணம் இல்லை.

பத்து நிமிடம் மஞ்சு அசையவில்லை.

"குழந்தை அமைதியாதானேம்மா இருக்குது? டானிக் எழுதித் தரேன்" என்றார் டாக்டரம்மா.

எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. அப்போது மஞ்சு என் காதில், "பெரிம்மா, இன்னும் எவ்ளோ நேரம் இப்டியே குந்திக்கினு இருக்கணும்? நான் கரெக்டா செஞ்சனா?" என்றாள். மடியைப் பார்த்தேன். பாவாடைக் கரையின் ஜரிகையை ஒரு சாண் நீளத்துக்குப் பிரித்து எடுத்திருந்தாள்.

இந்த வயதில் வேற்று மனுஷியிடம், "நான் உங்களை ஏமாற்றிவிட்டேன்" என்று சொல்வது எனக்கு எப்படி இருந்திருக்கும்? சொன்னேன். கடிதத்தையும் கொடுத்தேன்.

அவர் சிரித்துவிட்டார். "ஒரு வாரம் டிரெய்னிங்கா? நல்லவேளை சொன்னீங்க, இல்லேன்னா டானிக்கோட போயிருப்பீங்க. போம்மா கண்ணு, நீ போய் விளையாடு."

ஐந்தே நிமிடத்தில் எடை மெஷினில் ஏறி இறங்கி, திரைக்குப் பின்னால் புகுந்து, மேசை மணியை அடித்து ஓய்ந்தாள் உன் மகள். டாக்டரம்மா அவளையே பார்த்துக்கொண்டு, நீ அவளைச் சுமந்த நாளிலிருந்து ஒவ்வொன்றாக விசாரித்தார்.

"ஹைப்பர்கைனடிக்னு சொல்லுவோம், ஒரு இடத்துல இருக்க முடியாத துறுதுறுப்பு. அதுவா இருக்கலாம். இன்னும் ரெண்டு மூணு தடவை பாக்கணும். ஆனா கொழுப்பு இல்லம்மா இது. அவளால முடியல."

நீ சொன்னதேதான். படித்தவர் வாயிலிருந்து வந்ததும் நம்பினேன். மன்னிப்பாயா?

அடி கூடாது, ஒரு நேரத்தில் சின்னதாக ஒரே வேலை, நடுவில் நடக்கவிட வேண்டும் என்றார். மதருக்கும் எழுதிக் கொடுத்தார். இப்போது வகுப்பில் முன்வரிசை. நோட்டுகளைச் சேர்த்துக் கொண்டுபோய் வைக்கும் வேலையும் அவளுக்குத்தான். வீட்டில் என் சொந்த யோசனை ஒன்று: காலையில் தெருவில் நெசவுக்காரர்கள் பாவு நூலை நீளமாக இழுத்துக் கட்டும்போது, அதன் ஓரமாகக் கோடிக்குக் கோடி நடந்தபடியே வாய்ப்பாடு சொல்கிறாள்.

"ஏம்மா, உன் ஏழாம் வாய்ப்பாட்டுல எங்க பாவு அறுந்துடப் போவுது, பாத்து நட" என்று கிண்டல் செய்கிறார்கள்.

"அறுந்தா எட்டாம் வாய்ப்பாட்ட வெச்சு முடிஞ்சிக்கோங்க" என்கிறாள். உன் வாய் அப்படியே.

இனி செய்தி. அரைப்பரீட்சையில் கணக்கில் ஐம்பத்தெட்டு. ஒரே ஒரு கணக்கைத்தான் பாதியில் விட்டிருக்கிறாள். இன்று மதர் என்னைக் கூப்பிட்டு, "மஞ்சு இங்கேயே படிக்கட்டும்" என்றார். வீடு வரும்வரை என் கால் தரையில் பாவவில்லை.

எல்லாம் சரியாகிவிட்டதா? தெரியாது. நேற்று ஒரு குடம் தண்ணீரைக் கூடத்தில் கொட்டினாள், என் கை தானாக ஓங்கியது. இறக்கிக்கொண்டேன். இனி அந்தக் கை ஓங்கவே ஓங்காது என்று உனக்கு வாக்குத் தருகிறேன், சுசீலா. ஆறு வயதுவரை உன்னிடம் கேட்டு வளர்ந்த அதே அன்பான குரலை அவள் என்னிடமும் கேட்பாள்.

மஞ்சுவுக்குப் பெரியம்மாவாக இருக்க இப்போதுதான் பழகும்
உன் அக்கா மரகதம்